‘கேஸ் மட்டும்தான் இல்லை’ – பழைய கார் வாங்கும் முன் ஏசியைச் சோதிப்பது எப்படி?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கவனிக்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். ஏசி என்று வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தி, காற்று வரும் துவாரத்தில் கையை வைத்து, “குளிர்ச்சியாத்தான் வருது” என்று சொல்வதோடு சோதனை முடிந்துவிடுகிறது. குளிர்ச்சி வராவிட்டாலோ விற்பவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: “கேஸ் மட்டும்தான் இல்லை. ஏத்தினா ஐஸ் மாதிரி இருக்கும்.”

இந்த ஒரு பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கம்ப்ரசர், கூலிங் காயில் என்று பல ஆயிரங்களைச் செலவழிப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். கேஸ் ஏற்றுவது சிறிய செலவுதான். ஆனால் அந்த கேஸ் ஏன் இல்லாமல் போனது என்ற கேள்விக்கான பதில்தான் பெரிய செலவு.

முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் கார் என்பது இன்று ஆடம்பரத்துக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை. வயதான பெற்றோரை மருத்துவத்துக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல, பிரசவ நேரத்தில் அவசரத்துக்கு உதவ என்றுதான் பல குடும்பங்கள் வாங்குகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகலில் கண்ணாடியை ஏற்றிய காருக்குள் ஏசி இல்லாமல் முக்கால் மணி நேரம் உட்கார்வது ஆரோக்கியமானவருக்கே கஷ்டம். இருதய நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆபத்து.

இன்னொரு சிக்கல், நம்மில் பலர் வண்டி வாங்கும் நேரம். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர், வந்த வாரத்திலேயே வண்டி வேண்டும் என்று நினைக்கிறார். “நாளைக்கு வேற ஆள் அட்வான்ஸ் கொடுக்க வர்றாங்க” என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். அந்த அவசரத்தில் விட்டுப்போகும் சோதனைகளில் முதலாவது ஏசி. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலான கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

ஏசி எப்படி வேலை செய்கிறது?

கோளாறைப் புரிந்துகொள்ள, வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. கார் ஏசியும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஆவியாகும் பொருள் வெளியே போவதில்லை. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

கடந்த இருபது ஆண்டுகளாக நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இன்ஜினில் பெல்ட் மூலம் சுழலும் கம்ப்ரசர், இந்த கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெளிக்காற்று பட்டு, அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பிறகு ட்ரையர் என்ற சிறு குடுவையில் ஈரமும் தூசியும் வடிகட்டப்படுகின்றன. அடுத்து எக்ஸ்பேன்ஷன் வால்வின் குறுகிய துளை வழியாகப் பீய்ச்சப்படும்போது அழுத்தம் திடீரெனக் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. அப்போது காயில் குளிர்ந்துவிடும். ப்ளோயர் ஊதும் காற்று அந்தக் காயிலைத் தாண்டி நம்மீது வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. ரப்பர் ஹோஸ்கள் வழியாகப் பல ஆண்டுகளில் மிக மெதுவாகக் கொஞ்சம் கசியலாம். எட்டு, பத்து வருட வண்டியில் ஒரு முறை நிரப்பியிருந்தால் அது இயல்பு. ஒவ்வொரு கோடையிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஆகவே “கேஸ் இல்லை” என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “கடைசியா எப்போ ஏத்தினீங்க? பில் இருக்கா?” இரண்டாவது கேள்வி: “ஏத்தினா சரியாயிடும்னா, விலை பேசறதுக்கு முன்னாடி நீங்களே ஏத்திட்டு வாங்களேன்?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

எப்போது சோதிப்பது?

அதிகாலையிலோ மாலை மங்கிய பிறகோ ஏசியைச் சோதித்துப் பயனில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சாரல் காற்று வீசும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் பாதித் திறனில் ஓடும் ஏசிகூட நன்றாகவே குளிரும். பங்குனி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிக்குள் பார்ப்பதே சரியான சோதனை. வேறு பருவத்தில் வாங்க வேண்டியிருந்தால், வெயில் அடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, வண்டியை அரை மணி நேரம் வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். “உங்களுக்காக ஏசி போட்டுக் குளிர வச்சிருக்கேன்” என்று விற்பவர் வரவேற்றால் சந்தோஷப்பட வேண்டாம். அந்த வண்டியில் ஆரம்ப நிலையில் தெரியக்கூடிய கோளாறுகள் மறைந்துவிட்டன. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை குறைவு: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி, ஒரு டார்ச் லைட், கை துடைக்கும் வெள்ளைத் துணி.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி குழாய்கள் இணையும் இடங்கள், கம்ப்ரசரின் உடல், கண்டென்சரின் ஓரங்கள் ஆகியவற்றில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் தெளிவாகத் தெரியும். கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் தெரியும்.

முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சரைப் பாருங்கள். மெல்லிய தகடுகள் கல் பட்டு மடங்கியிருக்கலாம், மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம். கண்டென்சர் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால், முன்பக்கம் மோதிய வண்டியா என்று விசாரியுங்கள். முன்பக்க விபத்தில் முதலில் அடிபடும் பாகங்களில் அதுவும் ஒன்று.

வயர்களையும் கவனியுங்கள். ஏசி குழாயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று இருக்கும். கேஸ் மிகக் குறைந்தாலோ அழுத்தம் மிக அதிகமானாலோ கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. சில இடங்களில் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக வயர் கொடுத்திருப்பார்கள். கண்டென்சர் ஃபேனுக்கும் அப்படியே கொடுத்து, சாவி போட்டதுமே ஃபேன் சுற்றும்படி செய்திருப்பார்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய புது வயர் தெரிந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர், எண்ணெய் இல்லாமல் தேய்ந்து உள்ளே உடைவதற்கு அதிக நாள் ஆகாது.

ஸ்டார்ட் செய்த பிறகு

முதலில் ஏசி போடாமல் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, பெல்ட் பக்கம் காதைக் கொடுங்கள். ஏசி போடாதபோதே ‘கிர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்து, ஏசி போட்டதும் அது மாறினாலோ நின்றாலோ கம்ப்ரசர் புல்லியின் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஏசி போட்ட பிறகு மட்டும் ‘கடகட’ என்று தட்டும் சத்தம் கேட்டால் கம்ப்ரசரின் உள்பாகமே தேய்ந்திருக்கலாம்.

இனி ஏசி பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் ‘டக்’ என்ற சிறு சத்தத்தோடு காந்த கிளட்ச் ஒட்டும், இன்ஜின் வேகம் ஒரு கணம் இறங்கி உடனே நிலைப்படும், முன்னால் ஃபேன் சுற்றத் தொடங்கும். சில புதிய மாடல்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருப்பதால் சத்தம் வராது. மாடலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளட்ச் சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தால் கேஸ் குறைவு என்பது பொதுவான காரணம். ஒட்டவே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, வயர் போன்ற சிறு கோளாறாகவும் இருக்கலாம், கேஸ் முழுவதும் வெளியேறியிருக்கவும் செய்யலாம். சோதித்துச் சொல்லும் வரை பெரிய கோளாறு என்றே கணக்கில் வையுங்கள்.

ப்ளோயரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு வேகத்திலும் வைத்துப் பாருங்கள். நான்காவது வேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர் போயிருக்கிறது, சிறிய செலவு. எல்லா வேகத்திலும் சத்தம் அதிகம், காற்று குறைவு என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது கூலிங் காயிலே அழுக்கேறியிருக்கலாம். கேபின் ஃபில்டர் சில கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து, ஓனர் வண்டியை எப்படிப் பராமரித்தார் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

வெப்பநிலைத் திருகைக் குளிரிலிருந்து சூட்டுக்கும், காற்றின் திசையை முகம், கால், கண்ணாடி என்றும் மாற்றிப் பாருங்கள். டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் உள்ளே கதவுகளைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல் உடைந்திருக்கலாம். பாகம் சிறியதுதான், ஆனால் அதை எட்டுவதற்குச் சில கார்களில் நிறையக் கழற்ற வேண்டும்.

வெப்பமானியால் அளப்பது

கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி வைத்து, குளிர் முழுமையாக, ப்ளோயர் நடு வேகத்தில் இருக்கட்டும். வெப்பமானியை நடுத் துவாரத்துக்குள் செருகி பத்து நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது, ஓட்டத்தில் 6 முதல் 12 டிகிரிக்குள் காற்று வந்தால் ஏசி நல்ல நிலையில் இருக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே இறங்கவே மறுத்தால் ஏதோ குறை இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, வண்டியை நிழல் இல்லாத இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு மேலும் பத்து நிமிடம் பாருங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். முக்கூடலிலிருந்து ஆலங்குளம் சாலையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். திருநெல்வேலி சந்திப்பில் சிக்னலில் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். ஓட்டத்தில் குளிர்ந்து, நின்றதும் சூடான காற்று வந்தால் கண்டென்சர் ஃபேன் பலவீனம், கண்டென்சர் அடைப்பு, கேஸ் குறைவு, தேய்ந்த கம்ப்ரசர் ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, முதலில் நன்றாகக் குளிர்ந்து, இருபது நிமிடத்துக்குப் பிறகு காற்றின் அளவே குறைந்தால், கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கிறது என்று பொருள். வெப்பத்தை உணரும் சென்சார் கோளாறு, குறைந்த கேஸ், அடைத்த ஃபில்டர் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பத்து நிமிடச் சோதனையில் இது தெரியாது. அதனால்தான் மொத்தம் அரை மணி நேரமாவது ஏசியை ஓடவிட வேண்டும்.

இந்த நேரம் முழுவதும் இன்ஜின் வெப்ப முள்ளிலும் ஒரு கண் இருக்கட்டும். ஏசி போட்டு நிறுத்தி வைத்ததும் முள் மேலே ஏறினால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று கூலிங் பகுதியில் கோளாறு. இன்ஜின் சூடாவதை மறைக்கவே ஏசியைச் செயலிழக்க வைத்துவிட்டு “கேஸ் இல்லை” என்று சொல்வதும் நடக்கக்கூடியது. ஏசி வேலை செய்யாத காரில் இன்ஜினின் உண்மை நிலையையும் முழுதாகச் சோதிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

குழாயைத் தொட்டுப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வரலாம். இன்ஜினை நிறுத்திய உடனே, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கை போகாமல், தடித்த அலுமினியக் குழாயைத் தொடுங்கள். அது சில்லென்று, மேலே நீர் முத்துக்களோடு இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் மிகவும் சுடும், தொட வேண்டாம். விரலை அருகில் கொண்டு போனாலே தெரியும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் கம்ப்ரசர் அழுத்தவில்லை.

தண்ணீரும் வாசனையும் சொல்லும் சேதி

அரை மணி நேரச் சோதனைக்குப் பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்பகுதியில், பெரும்பாலும் டிரைவருக்குப் பக்கத்து இருக்கைப் பக்கம், தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது நல்ல அறிகுறி. காற்றிலுள்ள ஈரம் கூலிங் காயிலில் படிந்து வடிகால் குழாய் வழியே வெளியேறுகிறது. வறண்ட காற்று அடிக்கும் நாளில் குறைவாகவே சொட்டும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல், உள்ளே பக்கத்து இருக்கையின் கால்வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாக இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது.

ஏசி போட்டதும் ஈரத்துணி மக்கிய வாடை வந்தால் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கிறது. சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வாங்கும் முன்பே சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். இனிப்பு கலந்த ஒரு வாடை வந்து கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால், ஹீட்டர் பகுதியில் கூலண்ட் கசிகிறது. கடுமையான வாசனைத் திரவியம் தெளித்து வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிக் காற்றோட்டம் விட்டு, பிறகு சோதியுங்கள்.

மண்வாடை வந்தால்? அதற்குத் தனியாகவே சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளமும் பழைய கார்களும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணியில் வெள்ளம் கரைபுரண்டது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும் தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களும் நீரில் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கியிருந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் பல, இருக்கை உயரத்துக்கு நீரில் நின்றன.

அப்படி நனைந்த வண்டிகளில் சில முறையாகப் பழுதுபார்க்கப்பட்டன. சில கழுவித் துடைத்து விற்பனைக்குப் போயிருக்கக் கூடும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காட்டிக்கொடுப்பதில் ஏசிக்கு முக்கியப் பங்கு உண்டு. ப்ளோயரும் கூலிங் காயில் பெட்டியும் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், கால்வைக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கின்றன. வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்தப் பெட்டிக்குள் புகுந்த வண்டல் எளிதில் போகாது. கண்டென்சரின் தகடுகளுக்கு இடையிலும் சேறு காய்ந்து நிற்கும். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கம்ப்ரசரின் கிளட்ச் பேரிங்கில் மணல் நீர் புகுந்தால் சில மாதங்களில் அரைக்கத் தொடங்கும். வயர் இணைப்புகளில் பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். அதனால் ஏசி ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது.

இவற்றைப் பாருங்கள்: சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருக்கிறதா? கார்பெட்டுக்கு அடியில் வண்டல் படிந்திருக்கிறதா? இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண் இருக்கிறதா? ப்ளோயரை உச்ச வேகத்தில் வைத்தால் துவாரங்களிலிருந்து தூசி பறக்கிறதா? பழைய வண்டியில் கார்பெட்டும் மேட்டும் மட்டும் புதிதாக இருக்கின்றனவா?

டிஎன் 69, டிஎன் 72 என்று தொடங்கும் வண்டிகளையும், சென்னைப் பதிவெண் வண்டிகளையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை கூடுதலாகப் பார்ப்பது நல்லது. சர்வீஸ் ரெக்கார்டில் 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை என்ன வேலை நடந்தது என்று பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அந்த ஆண்டுக்குப் பிறகு பூஜ்யமாகியிருந்தால், எதற்காகக் கிளெய்ம் செய்தார் என்று கேளுங்கள். வெள்ளத்தில் மூழ்கியது உறுதியானால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். அத்தகைய வண்டியில் ஏசியோடு செலவு நிற்காது. ஏர்பேக், பிரேக் சார்ந்த மின்னணுப் பாகங்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மெக்கானிக் கேஜ் போடும்போது

நீங்கள் செய்த சோதனையில் வண்டி தேறிவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக்காக இல்லாமல் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். அவர் நீலம், சிவப்பு என்று இரண்டு கடிகாரங்கள் உள்ள கேஜை இணைப்பார். நீலம் குறைந்த அழுத்தம், சிவப்பு அதிக அழுத்தம்.

ஏசி ஓடாதபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டும். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டியில் 35 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 110 பிஎஸ்ஐ. இதைக் காட்டி “கேஸ் ஃபுல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். குழாய்க்குள் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும் அதே அழுத்தம்தான் காட்டும். பாதி கேஸ் இருந்தாலும் அந்த எண் மாறாது. ஓடும்போது பார்ப்பதே கணக்கு. அதே வெப்பத்தில் நீலம் 25 முதல் 45, சிவப்பு ஏறத்தாழ 200 முதல் 250 என்று இருக்க வேண்டும்.

இரண்டுமே குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே அதிகமாக இருந்தால் கேஸ் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கிறது, அல்லது கண்டென்சர் குளிரவில்லை. நீலம் அதிகம், சிவப்பு குறைவு என்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் அடைப்பு அல்லது உள்ளே ஈரம். இந்த நான்கையும் தெரிந்து வைத்துக்கொண்டால் மெக்கானிக் சொல்வது உங்களுக்கும் புரியும்.

ஓட்டை எங்கே என்று தெரியாமல் மேலும் கேஸ் ஏற்ற அனுமதிக்காதீர்கள். நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரையால் பார்ப்பது, புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம் கலந்து பார்ப்பது என்று வழிகள் உண்டு. மலிவாக இருக்கிறது என்று வேறு கேஸ் கலந்து ஏற்றும் இடங்களைத் தவிருங்கள். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்பன் கலந்தால் குளிரத்தான் செய்யும். ஆனால் அது தீப்பற்றக்கூடியது. கூலிங் காயிலில் கசிந்தால் நாம் உட்காரும் இடத்திலேயே சேரும்.

விலை பேசுவது எப்படி?

கோளாறு என்றாலே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர், ஃப்யூஸ், ரிலே, ரெசிஸ்டர், வடிகால் அடைப்பு, காயில் சுத்தம் ஆகியவை சிறியவை. வாங்கிய பிறகு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கண்டென்சர் ஃபேன், ப்ளோயர் மோட்டார், கண்டென்சர், ஹோஸ் ஆகியவை நடுத்தரம. உங்கள் மெக்கானிக்கிடம் அந்த மாடலுக்கான விலையையும் கூலியையும் எழுதி வாங்கி, அந்தத் தொகையை வண்டி விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

கம்ப்ரசர், கூலிங் காயில் ஆகியவை பெரியவை. புதிய கம்ப்ரசர் பல மாடல்களுக்கு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். அது உள்ளே உடைந்திருந்தால் உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் பரவியிருக்கும். எல்லாவற்றையும் கழுவி, ட்ரையரை மாற்றி, தேவைப்பட்டால் கண்டென்சரையும் மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் மட்டும் போட்டால் அதுவும் கெட்டுப்போகும். கூலிங் காயில் மாற்ற பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலியும், மீண்டும் சரியாகப் பொருத்துவதும்தான் கவலை. இந்த வகைக் கோளாறு இருந்தால் முழுத் தொகையைக் குறைத்தால் மட்டுமே யோசியுங்கள்.

ஏசி நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், விற்பனை ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அன்று காலையில் கேஸ் ஏற்றிக் கொண்டு வந்த வண்டி, சிறிய ஓட்டை இருந்தாலும் சில நாட்கள் குளிரும். அதனால் முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறை வெப்பமானியால் அளந்து பாருங்கள். அல்லது ஒரு சிறு தொகையைப் பத்து நாள் கழித்துத் தருவதாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், வாங்குபவர் தானே பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் பொது விதி; விதிவிலக்குகள் சிலவே. தனிநபரிடம் வாய்ப்பேச்சில் வாங்கிவிட்டுப் பிறகு நியாயம் கேட்பது கடினம். எழுத்தில் இருப்பதே கைகொடுக்கும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையைச் சொல்லி விற்றால் ஐயாயிரமோ பத்தாயிரமோ குறையலாம். மறைத்து விற்ற வண்டியில் ஒரு குடும்பம் நோயாளியோடு நடுவழியில் வெந்து நின்றால், அந்தப் பத்தாயிரம் நமக்குச் சேர வேண்டிய பணம் அல்ல. நம் ஊர்களில் வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவர்களாகவோதான் இருக்கிறோம்.

வாங்கிய பிறகு: மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். அப்போதுதான் எண்ணெய் சுற்றி, கம்ப்ரசரின் சீல்கள் காயாமல் இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்கு இது மிக அவசியம். சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, வாரம் ஒரு முறை ஷெட்டின் கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் சேரும் புகை உயிருக்கே ஆபத்து. ஏசி ஓடுகிறதே என்று நம்பிக் குழந்தைகளை மட்டும் வண்டிக்குள் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். இன்ஜின் நின்றுபோனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறச் சில நிமிடங்களே போதும்.